பல ஏடுகளில் ஒரே வினா

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில், தென்பாகத்தே அமைந்த ஊர் பத்து காவான். முன்னாளில் கரும்பும், பின்னர் ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்டப்புறம் அது. 2014ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் திறக்கப்பெற்ற இரண்டாவது பினாங்குப் பாலம், ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீண்டு, தீவிலுள்ள பத்து மாவுங்கை இவ்வூருடன் இணைக்கின்றது. மரங்கள் நின்ற நிலத்தில் இன்று தொழிற்பேட்டையும், மின்னணுப் பொருள்களைச் செய்து சோதிக்கும் ஆலைகளும் நிற்கின்றன.

தோட்டம் போய் ஆலை வந்தது. ஆயினும், இரண்டிற்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு, அதுதான் கணக்கேடு. விடியற்காலைப் பெரட்டில் வந்தவர் யார், வராதவர் யார் என்று கிராணி செக்ரோலில் குறித்தார். மாலையில் அவரவர் கொணர்ந்த பாலின் நிறை வேறோர் ஏட்டில் ஏறியது. சம்பளம் மூன்றாவது ஏட்டில் எழுதப்பட்டது. இன்றைய ஆலையிலும், ஒரு சில்லு எந்த இயந்திரத்தில், எந்த நாளில், எவ்வகைச் சோதனைக்கு உட்பட்டது என்பவை தனித்தனி ஏடுகளில் பதிவாகின்றன. தாளேடு மின்னேடாயிற்று என்பதே வேறுபாடு. பல ஏடுகளில் சிதறிக் கிடக்கும் செய்திகளை ஒன்றுகூட்டி ஒரே விடையாகப் பெறுவது எவ்வாறு என்னும் வினா அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது.

ஏடு பலவானது ஏன்?

எல்லாவற்றையும் ஒரே பெரிய ஏட்டில் எழுதிவிட்டால் தொல்லை தீராதோ எனலாம். தீராது. ஒரு தொழிலாளியின் பெயரையும் பிறந்த நாளையும் இல்லத்தையும் ஒவ்வொரு நாள் நிறைக்கணக்கின் பக்கத்திலும் திரும்பத் திரும்ப எழுதினால், அவர் வேறு லயத்துக்குக் குடிபெயரும்போது முந்நூறு இடங்களில் திருத்த வேண்டிவரும். ஓரிடம் விடுபட்டாலும் ஏடு தன்னோடு தானே முரண்படும். ஆதலின், ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுதுதல் என்பது கணக்கியலின் நல்லொழுக்கம் ஆயிற்று.

இவ்வொழுக்கத்தைக் கணித முறையில் நிலைநாட்டியவர் எட்கர் கோட் என்னும் ஆங்கிலேயர். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1970ஆம் ஆண்டு சூன் திங்களில் வெளியிட்ட கட்டுரையில், தரவுகள் யாவற்றையும் எளிய அட்டவணைகளாகப் பகுக்கலாம் என்றும், அவற்றிடையே உள்ள உறவை அவற்றில் அடங்கிய மதிப்புகளாலேயே காட்டலாம் என்றும் விளக்கினார். 1974இல் அவருடைய நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் அவ்வட்டவணைகளை வினவுதற்கென ஒரு மொழியை வகுத்தனர். எஸ்.கியூ.எல். என்று இன்று உலகெங்கும் வழங்குவது அதுவே. 1986இல் அது அமெரிக்கத் தரமாகவும், 1987இல் அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

அட்டவணையில் குறுக்காக அமையும் ஒவ்வொரு பதிவும் நிரை எனப்படும். ரப்பர்த் தோட்டத்தில் மரங்களின் வரிசையை நிரை என்று வழங்கிய மக்களுக்கு இச்சொல் புதிதன்று. நெடுக்காக அமைவது பத்தி. ஒரு நிரையை மற்ற நிரைகளினின்று ஐயமறப் பிரித்துக் காட்டும் பத்திக்குத் திறவு என்று பெயர்.

பெயரால் கூட்டுதல், எண்ணால் கூட்டுதல்

எடுத்துக்காட்டாக ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்து கொள்க. ஆட்பதிவு என்னும் அட்டவணையில் ஆள் எண், பெயர், லயம் ஆகிய பத்திகள் உள்ளன. நிறுவை என்னும் அட்டவணையில் ஆள் எண், நாள், கிலோ ஆகியவை உள்ளன. இன்ன நாளில் யார் எவ்வளவு பால் கொணர்ந்தார் என்று பெயருடன் அறியவேண்டின், இரண்டு அட்டவணைகளிலும் ஆள் எண் ஒத்துள்ள நிரைகளைக் கோத்துக் காட்டுமாறு வினவ வேண்டும். இக்கோவையே இணைப்பு எனப்படும். அம்மொழியில் அதற்குரிய சொல் ஜாயின்.

ஆள் எண்ணை விட்டுப் பெயரைக் கொண்டு இணைத்தால் என்ன? மலேசியத் தமிழர் இதன் இன்னலை நன்கு அறிவர். முனியாண்டி என்னும் ஒரே பெயர், ரோமன் எழுத்தில் எழுதும் எழுத்தருக்கேற்ப மூன்று நான்கு வடிவம் கொள்ளும். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, பள்ளிப் பதிவில் ஒன்று, சம்பள ஏட்டில் ஒன்று என்றிருந்தால், கணினியின் கண்ணுக்கு அவர் மூவர். இதற்கு மறுதலையாக, ஒரே தோட்டத்தில் இரண்டு முனியாண்டிகள் இருந்தால், அவ்விருவரும் ஒருவராகிவிடுவர். ஆதலின் இணைப்புக்கு எண்ணே தக்கது. மலேசிய அடையாள அட்டையின் 12 இலக்க எண் இவ்வகையில் பயன்படுகின்றது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளையும், அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும் குறிக்கும். பினாங்குக்குரிய குறியீடுகளுள் ஒன்று 07.

இணைப்பில் மறையும் மனிதர்

இணைப்பு எளிதெனத் தோன்றினும் அதில் மூன்று குழிகள் உள்ளன.

முதலாவது, காணாமற் போதல். பொதுவகை இணைப்பு இரண்டு ஏட்டிலும் உள்ளவரை மட்டுமே காட்டும். மழையால் ஒரு நாள் பால் வெட்டாதவருக்கு நிறுவை ஏட்டில் நிரையே இராது. அவர் விடையிலிருந்து ஓசையின்றி மறைந்துவிடுவார். பெரட்டுக்கு வந்தும் மழையால் வெட்ட இயலாதவரைக் கணக்கில் கொள்ள வேண்டுமாயின், இடப்புற ஏட்டிலுள்ள அனைவரையும் வைத்துக்கொண்டு, வலப்புறத்தில் கிடைத்ததை மட்டும் சேர்க்கும் இடப்பக்க இணைப்பைக் கையாள வேண்டும்.

இரண்டாவது, பெருகிப் போதல். ஒருவருக்கு மூன்று பிள்ளைகள். குடும்ப ஏட்டில் அவருக்கு மூன்று நிரைகள். சம்பள ஏட்டில் அம்மாதத்துக்கு ஒரு நிரை, 1,500 ரிங்கிட். இவ்விரண்டையும் இணைத்துச் சம்பளத்தைக் கூட்டினால் விடை 4,500 ரிங்கிட் என வரும். சம்பளம் மும்மடங்காகவில்லை, ஒரே நிரை மூன்று பிள்ளைகளோடும் மும்முறை கோக்கப்பட்டது. பலவாக உள்ள பக்கத்தை முதலில் தொகுத்து ஒன்றாக்கிவிட்டுப் பின்னர் இணைப்பதே இதற்கு மருந்து.

மூன்றாவது, ஒரே வடிவமுள்ள ஏடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும்போது நேர்வது. சனவரிக்கு ஓர் ஏடு, பிப்ரவரிக்கு ஓர் ஏடு என மாதந்தோறும் தனி அட்டவணை இருப்பதாகக் கொள்க. இவற்றை அடுக்குதற்கு யூனியன் என்னும் சொல் உண்டு. ஆனால், அது ஒன்றுபோல் உள்ள நிரைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் களைந்துவிடும். ஆள் எண் 101 உடையவர் சனவரியில் ஒரு நாளும் பிப்ரவரியில் ஒரு நாளும் 18 கிலோ கொணர்ந்தார். வினாவில் நாளைக் கேட்காமல் எண்ணையும் கிலோவையும் மட்டும் கேட்டிருந்தால், இரண்டு நிரைகளும் 101, 18 என்றே அமையும். ஒன்று களையப்படும். 36 கிலோவுக்குரிய கூலி 18 கிலோவுக்குச் சுருங்கிவிடும். பிழைச் செய்தி ஏதும் தோன்றாது. கணினி கேட்டதையே செய்தது. அனைத்தையும் வைத்துக்கொள்க என்று பொருள்படும் யூனியன் ஆல் என்பதை எழுதியிருந்தால் அவருடைய ஒரு நாள் உழைப்பு தப்பியிருக்கும். ஒரு சிறு சொல்லின் இருப்பும் இன்மையும் ஒருவர் வீட்டு அடுப்பைத் தொடுகின்றன என்பது இதனால் விளங்கும்.

வினா தானே உருவாதல்

இதுகாறும் கூறிய வினாக்கள் முன்னரே எழுதி வைக்கத்தக்கவை. ஆனால், எத்தனை ஏடுகள், எவ்வெவற்றின் பெயர் யாது என்பது வினவும் நேரத்திலேதான் தெரியும் என்னும் நிலையும் உண்டு. மாதந்தோறும் புதிய அட்டவணை பிறக்கின்றது. மேலாளர் ஒருநாள் மூன்று மாதக் கணக்கைக் கேட்கின்றார், மற்றொரு நாள் ஓராண்டுக் கணக்கைக் கேட்கின்றார். அப்பொழுது வினாவாக்கியத்தை மனிதர் எழுதாமல், ஒரு நிரலே சொற்களைக் கோத்து எழுதி, எழுதியதை உடனே இயக்குகின்றது. இது இயங்குநிலை வினவல் எனப்படும். 1992ஆம் ஆண்டுத் தரத்தில் இதற்கும் விதிகள் இடம்பெற்றன.

அதன் படிகள் இவை. ஒவ்வொரு தரவுத்தளமும் தன்னிடமுள்ள அட்டவணைகளின் பட்டியலைத் தானே ஓர் அட்டவணையாக வைத்திருக்கும். அப்பட்டியலை முதலில் வினவி, வேண்டிய பெயர்களைப் பெறுதல் ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிறு வினாவாக்கியம் அமைத்தல் இரண்டு. அவற்றை யூனியன் ஆல் கொண்டு தொடுத்தல் மூன்று. தொடுத்த நெடுவாக்கியத்தை இயக்கி விடை பெறுதல் நான்கு. இயக்குமுன் அவ்வாக்கியத்தை ஒருமுறை திரையில் அச்சிட்டுப் படித்துப் பார்த்தல் அனுபவமுள்ளோர் வழக்கம். மாணவன் எழுதிய வாக்கியத்தை ஆசிரியர் படித்துப் பார்ப்பதற்கு இது நிகர்.

கோடிட்ட இடம்

இங்கே ஓர் இலக்கண நுட்பம் உள்ளது. 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்னும் பயிற்சியை அறியாத மாணவர் இலர். எஸ்.கியூ.எல். மொழியிலும் ஒரு வாக்கியத்தில் இடம் விட்டு வைத்து, மதிப்பைப் பின்னர் நிரப்பலாம். ஆள் எண் இத்தனை, நாள் இன்னது என்பவை அவ்விடத்தில் வரலாம். ஆனால், அட்டவணையின் பெயரோ பத்தியின் பெயரோ அங்கு வரலாகாது. காரணம் யாதெனின், விடை தேடும் வழியைக் கணினி முதலில் திட்டமிடுகின்றது. எந்த ஏட்டைத் திறப்பது என்று தெரியாமல் திட்டமிட இயலாது. எந்த எண்ணைத் தேடுவது என்பது மட்டும் பின்னர் தெரிந்தாலும் போதும். ஆதலின், மதிப்புகள் கோடிட்ட இடத்தில் நிரம்புகின்றன. பெயர்களோ வாக்கியத்திலேயே எழுதப்பட வேண்டும். இவ்வேறுபாட்டை உணராமையே இத்துறையில் நேரும் பெருந்தீங்குகளுக்கு வாயில்.

'என்ற' என்னும் சொல் திருடப்படுதல்

ஒரு கிராணிக்கு எழுதிவைத்த கட்டளை இது: 'ஏட்டில் ______ என்ற பெயரை நாடுக.' வந்தவர் கோடிட்ட இடத்தில் கந்தன் என்று எழுதினால் குற்றமில்லை. சூழ்ச்சிக்காரர் ஒருவர் அவ்விடத்தில், 'முத்து என்ற பெயரை நாடுக. பின்னர் ஏட்டைக் கிழித்தெறிக. அடுத்த ஏட்டில் கந்தன்' என்று எழுதிவைத்தால் என்னாகும்? முழு வாக்கியத்தையும் படித்துப் பார்த்தால் இலக்கணப் பிழை ஏதுமில்லை. முத்து என்ற பெயர் நாடப்படும், ஏடு கிழிக்கப்படும், கந்தன் என்ற பெயரும் நாடப்படும். பெயராக நிற்க வேண்டியது கட்டளையாகிவிட்டது. மேற்கோளை முடிக்கும் 'என்ற' என்னும் சொல்லை உள்ளே வந்தவரே கையாண்டுவிட்டார் என்பதே இதன் மறைபொருள்.

எஸ்.கியூ.எல். மொழியில் மேற்கோளை முடிப்பது ஒற்றை மேற்கோள் குறி. தீய எண்ணம் இல்லாத இடத்திலும் அது இடர் தரும். பினாங்கில் வாழும் யுரேசியரிடையே டி'குரூசு, டி'சில்வா போன்ற குடும்பப் பெயர்கள் உண்டு. ரோமன் எழுத்தில் அவற்றின் நடுவே இக்குறி நிற்கும். பெயரை அப்படியே வாக்கியத்தில் ஒட்டும் நிரல், அக்குறியைக் கண்டதும் பெயர் முடிந்ததென எண்ணித் தடுமாறும். அக்குடும்பத்தார் பதிவு செய்ய வரும்போதெல்லாம் பிழை என்று திரை காட்டுமாயின், பிழை பெயரில் இல்லை, நிரலில் உள்ளது.

தீய எண்ணம் கலந்தால் விளைவு பெரிது. இவ்வகைத் தாக்குதல் 1998ஆம் ஆண்டு டிசம்பரிலேயே அச்சேறி வெளிப்பட்டது. ஆயினும், 2009 சனவரியில் அமெரிக்காவின் ஹார்ட்லண்ட் என்னும் பணக்கொடுப்பு நிறுவனத்தின் தரவுகள் களவுபோன செய்தி வெளியாயிற்று. ஏறத்தாழ 13 கோடி அட்டைகளின் எண்கள் திருடப்பட்டதாக வழக்குத் தொடுக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவருக்கு 2010இல் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உள்ளே நுழைய உதவியது இதே உத்தி. 2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் தொலைபேசி நிறுவனத்திலும் இதுவே நிகழ்ந்து, ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களின் செய்திகள் பறிபோயின. அடுத்த ஆண்டில் அந்நிறுவனத்துக்கு 4 இலட்சம் பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. மலேசியாவிலும் 2010ஆம் ஆண்டின் தனியாள் தரவுக் காப்புச் சட்டம், 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, பிறர் செய்திகளை வைத்திருக்கும் வணிகருக்குக் கடமைகளை விதித்துள்ளது.

காப்பு முறைகள் மூன்று. மதிப்புகளை வாக்கியத்தில் ஒட்டாமல் எப்பொழுதும் கோடிட்ட இடத்தில் நிரப்புதல் முதலாவது. அங்கு நிரம்பியது எதுவாயினும் கணினி அதனை மதிப்பாகவே கொள்ளும், கட்டளையாகக் கொள்ளாது. அட்டவணைப் பெயர்களை வெளியார் எழுதியபடி ஏற்காமல், ஒப்புக்கொண்ட பெயர்களின் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, பட்டியலிலுள்ளதையே எடுத்தெழுதுதல் இரண்டாவது. பெயர்களை உரிய குறிகளுக்குள் அடைத்துத் தரும் வசதியும் தரவுத்தளங்களில் உண்டு. வினவுவதற்கு மட்டும் வந்த கணக்குக்கு அழிக்கும் உரிமையை வழங்காமை மூன்றாவது. ஏட்டைப் பார்க்க வந்தவர் கையில் கத்தரிக்கோல் எதற்கு?

தமிழ் எழுத்தும் இணைப்பும்

தமிழில் பதிந்த ஏடுகளை இணைப்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்று தனியே உள்ளது. ஒருங்குறியில் 'கொ' என்னும் எழுத்தை இருவகையில் எழுதலாம். ககரத்தின்பின், கொம்பும் காலும் ஒன்றாகிய ஒரே குறியீட்டை இடுவது ஒரு வகை. கொம்புக்கு ஒரு குறியீடும் காலுக்கு ஒரு குறியீடுமாக இரண்டை இடுவது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ, ஒத்துப்பார்க்கும்போது அவை வெவ்வேறு சொற்களாகலாம். கொழுந்தன் என்று இரண்டு ஏட்டிலும் இருந்தும் இணைப்பு கூடாதொழியும். எல்லாப் பதிவுகளையும் ஒரே இயல்வடிவுக்கு மாற்றிவிட்டு இணைத்தால் இக்குறை தீரும். ஆனால், 'கௌ' என எழுத வேண்டிய இடத்தில் 'கெ' எழுதி ளகரத்தை அடுத்துத் தட்டுவாரின் பிழை இம்மாற்றத்தால் தீராது. அது வேறு எழுத்தாதலின் மனிதரே திருத்த வேண்டும்.

அகரவரிசையும் அவ்வாறே. ஒருங்குறியின் எண் வரிசையில் றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும் நிற்கின்றன. ஆகவே, எண் வரிசைப்படி அடுக்கினால் 'அறை' முன்னும் 'அவை' பின்னும் வரும். தமிழ் நெடுங்கணக்கிலோ வகரத்துக்குப் பின்னரே றகரம். தமிழ் வரிசை அறிந்த ஒழுங்கைத் தேர்ந்து கொடுத்தாலன்றிப் பட்டியல் பிழைபடும்.

வேண்டாத இடத்தில் வேண்டாமை

இயங்குநிலை வினவல் வல்லமை மிக்கது. ஆயினும், அது வேண்டப்படும் இடங்கள் சிலவே. மாதந்தோறும் ஓர் அட்டவணை என்பதைவிட, எல்லா மாதங்களையும் ஒரே அட்டவணையில் வைத்து, மாதம் என்னும் பத்தியைச் சேர்த்துவிட்டால், வினா ஒரே வடிவில் நிற்கும். மாதம் கோடிட்ட இடத்தில் நிரம்பும். ஏடு மிகப் பெருத்துவிடும் என்று அஞ்சுவோருக்காக, வெளியே ஒன்றாகவும் உள்ளே மாதவாரியாகப் பிரிந்தும் இருக்கும் பகுப்பு முறையை இன்றைய தரவுத்தளங்கள் பல வழங்குகின்றன. பழைய ஏடுகளை மாற்ற இயலாதாயின், அவற்றை அடுக்கிய வினாவுக்கு ஒரு பெயரிட்டுப் பார்வை என்னும் போலி அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கு மேலும் இயங்குநிலை தேவைப்படும் இடம் உண்டு. பள்ளி நூலகத்தில் நூல் தேடுவோர் ஒருவர் ஆசிரியர் பெயரை மட்டும் தருவார். மற்றொருவர் ஆண்டையும் பொருளையும் தருவார். வேறொருவர் மூன்றையும் தருவார். ஒவ்வொருவருக்கும் வினாவின் நீளம் வேறு. அங்கே, முன்னரே எழுதி வைத்த தொடர்களுள் வேண்டியவற்றை மட்டும் கோத்து, அவர் தந்த சொற்களைக் கோடிட்ட இடங்களில் நிரப்புவதே முறை. தொடர்கள் நிரல் எழுதுவோருடையவை, சொற்கள் தேடுவோருடையவை. இவ்விரண்டும் கலவாதிருக்கும்வரை தீங்கில்லை.

இறுதியாக, விடை வந்துவிட்டது என்பதாலேயே அது மெய்யாகிவிடாது. இணைக்குமுன் ஒவ்வோர் ஏட்டிலும் எத்தனை நிரைகள், இணைத்தபின் எத்தனை, தனித்தனியே கூட்டிய தொகையும் சேர்த்துக் கூட்டிய தொகையும் ஒக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். மாதக் கடைசியில் சம்பள ஏட்டையும் நிறுவை ஏட்டையும் அருகருகே வைத்துக் கிராணிமார் சரிபார்த்ததும் இதற்காகவே. குறையும் ஒவ்வொரு நிரையின் பின்னும் ஓர் ஆள் நிற்கின்றார். அவர் கேள்வி கேட்க அலுவலகப் படியேறி வரும்வரை காத்திராமல், கணக்கு எழுதுவோரே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.